லித்துவேனியப் பாடல்களில் பெண் மனம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பால்டிக் கடலோரத்து லித்துவேனியாவில் பெண்கள் எழுதியும் இசையமைத்தும் பாடியும் வரும் கலைப்பாடல்களை முதல் முறை கேட்பவர்களுக்கு எழும் சந்தேகங்கள் ஏறக்குறைய ஒரே மாதிரி இருக்கின்றன. அவற்றுக்கான பதில்கள் இவை. மொழி தெரியாதே என்று தயங்க வேண்டாம், அந்தக் கேள்விக்கும் கடைசியில் பதில் இருக்கிறது.

கலைப்பாடல் என்றால் என்ன? நாட்டுப்பாட்டு, சினிமாப்பாட்டு மாதிரி இது ஒரு தனி வகையா?

ஆமாம். ஏற்கெனவே எழுதப்பட்ட ஒரு கவிதையை எடுத்து, ஒரு குரலுக்கும் ஒரு பியானோவுக்குமாக இசையமைப்பாளர் ஸ்வரம் ஸ்வரமாக எழுதி வைக்கும் பாட்டு. சின்ன அரங்கில் மைக் இல்லாமல் பாடுவார்கள். பெரும்பாலும் இரண்டு மூன்று நிமிடங்களில் முடிந்துவிடும். பத்தொன்பதாம் நூற்றாண்டு இசையமைப்பாளர் ஷூபர்ட்டின் ஜெர்மன் பாடல்களைக் கேட்டிருந்தால் இந்த வகை உங்களுக்குப் பழக்கமானதுதான்.

இதில் பியானோவைப் பக்கவாத்தியம் என்று நினைத்துக் கேட்டால் பாதிப் பாட்டு போய்விடும். பாடகி "எனக்கு ஒன்றுமில்லை" என்று பாடிக்கொண்டிருக்கும்போதே பியானோ அவளைப் போட்டுக்கொடுத்துவிடும். வாய் ஒன்று சொல்ல, மனம் வேறொன்று நினைப்பதைக் காட்ட இதைவிடத் தோதான வடிவம் கிடைப்பது கஷ்டம்.

இன்றைய லித்துவேனியாவில் இந்த இலக்கணம் நன்றாகவே தளர்ந்துவிட்டது. பியானோ இருந்த இடத்தில் சரக்கருவிகள், கோரஸ், ஒலிநாடா எல்லாம் வந்துவிட்டன. பாடல்களை ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்து அதையே ஓபரா என்று அழைப்பதும் நடக்கிறது. இந்தப் பக்கத்தில் அவற்றையும் சேர்த்தே பேசுகிறேன். இலக்கண சுத்தம் பார்த்தால் சுவாரசியமான பாதியை வெளியே நிறுத்த வேண்டிவரும்.

லித்துவேனியாவில் மட்டும் அப்படி என்ன விசேஷம்?

30 லட்சத்துக்கும் குறைவான மக்கள்தொகை கொண்ட நாடு. அதன் நாட்டுப்பாடல்களில் வீரர் கதை சொல்லும் நீண்ட காவியங்கள் அநேகமாக இல்லை. இருப்பவை சின்னச் சின்ன உணர்ச்சிப் பாடல்கள். அவற்றில் பெரும்பகுதி பெண் நிற்கும் இடத்திலிருந்து பாடப்படுபவை. பிறந்த வீட்டை விட்டுப் போவது, புகுந்த வீட்டு மாமியார், போருக்குப் போன அண்ணன், விடியற்காலையில் தண்ணீர் எடுக்கப் போவது என்று அவற்றின் உலகம் இருக்கும். லியுத்விகாஸ் ரேஸா 1825இல் கோனிக்ஸ்பெர்க் நகரில் இவற்றின் முதல் தொகுப்பை அச்சிட்டார்.

லித்துவேனியா என்றதும் ஆயிரக்கணக்கானோர் சேர்ந்து பாடும் பாடல் திருவிழாதான் பலருக்கு நினைவு வரும். 1924இல் கவுனாஸ் நகரில் தொடங்கிய விழா அது. சோவியத் ஆட்சியிலிருந்து விடுபட்ட 1990ஐ ஒட்டிய போராட்டத்துக்கே 'பாடும் புரட்சி' என்று பெயர். அது ஊர் கூடிப் பாடுவது. ஒரு பெண் தனக்குள் முனகிக்கொள்வது இன்னொரு வகை. எனக்கு இரண்டாவதில்தான் அதிக ஈடுபாடு.

இந்தப் பாடல்கள் வெளியுலகத்துக்கு எப்படித் தெரிய வந்தன?

ஜெர்மானியர்கள் மூலம். ஜெர்மன் சிந்தனையாளர் ஹெர்டர் 1770களின் கடைசியில் வெளியிட்ட நாட்டுப்பாடல் தொகுப்பில் சில லித்துவேனியப் பாடல்கள் இருந்தன. அதில் ஒன்றை ஜெர்மன் கவிஞர் கதே 1782இல் 'மீனவப் பெண்' என்ற இசை நாடகத்தில் சேர்த்துக்கொண்டார். கல்யாணம் நிச்சயமான ஒரு பெண் தன் அம்மாவிடம் பேசும் பாட்டு. "நூல் நூற்க, துணி நெய்ய வேறு பெண்ணைப் பார்த்துக்கொள் அம்மா, கோடை பாதி ஆகும் முன்பே சொல்லிவிட்டேனே" என்கிற மாதிரி ஒரு பேச்சு. அழுகையில்லை, ஆசையும் வெளியே தெரியவில்லை. முதல் பாதியில் இத்தனை நாள் செய்த வேலைகளின் பட்டியல்தான் வருகிறது. போகிற சந்தோஷமும் போக வேண்டியிருக்கிற வலியும் அந்த வேலைப் பட்டியலுக்குள்ளேயே ஒளிந்துகொண்டிருக்கின்றன.

அந்த நாடகத்துக்கு இசையமைத்து, அதில் நாயகியாகவும் நடித்துப் பாடியவர் கொரோனா ஷ்ரோட்டர் என்ற பெண். பின்னாளில் ஷூபர்ட் இசையால் உலகப் புகழ் பெற்ற 'எர்ல்கோனிக்' கவிதைக்கு முதலில் இசையமைத்தவரும் அவரே. அதுவும் இதே நாடகத்தில் வருவதுதான். வரலாறு ஷூபர்ட்டை நினைவில் வைத்துக்கொண்டது, ஷ்ரோட்டரை மறந்துவிட்டது. சரி, அது வேறு கதை.

போலந்து இசையமைப்பாளர் ஷோபானுக்கும் இதற்கும் ஏதோ தொடர்பு என்கிறார்களே?

இருக்கிறது. அவர் இறந்த பிறகு ஓபஸ் 74 என்ற எண்ணில் வெளியான பாடல்களில் ஒன்றின் பெயரே 'லித்துவேனியப் பாடல்'. சொற்கள் போலிஷ் மொழியில் இருக்கின்றன. லித்துவேனிய நாட்டுப்பாடலைத் தழுவி லுத்விக் ஒசின்ஸ்கி எழுதியது.

அதிகாலை. அம்மா ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கிறாள். மகள் எங்கிருந்தோ வருகிறாள். தலையில் சூடிய மாலை நனைந்திருக்கிறது. எங்கே போனாய், மாலை எப்படி நனைந்தது என்று அம்மா கேட்கிறாள். விடியுமுன் தண்ணீர் எடுக்கப் போனால் நனையாதா என்று மகள் சமாளிக்கிறாள். நீ வயலுக்குப் போய் உன் பையனோடு பேசிக்கொண்டிருந்திருப்பாய் என்கிறாள் அம்மா. மகள் ஒப்புக்கொள்கிறாள். கொஞ்ச நேரம்தான் பேசினோம், அதற்குள் பனி மாலையை நனைத்துவிட்டது.

அவ்வளவுதான் பாட்டு. காதல் பற்றி நேரடியாக ஒரு வார்த்தை கிடையாது. அவனைப் பற்றி ஒரு வர்ணனை கிடையாது. ஒரு ஈரமான மாலையும் ஒரு பொய்யும் போதுமானதாக இருக்கின்றன. அம்மாவுக்கும் முதலிலிருந்தே தெரியும் என்பது கேட்பவருக்கும் தெரிகிறது. பிற்காலத்து லித்துவேனியக் கவிஞர்களும் இசையமைப்பாளர்களும் திரும்பத் திரும்பக் கையாளும் உத்தி இதுதான். உள்ளே இருப்பதை வெளியே இருக்கும் ஒரு பொருளிடம் ஒப்படைத்துவிடுவது.

அது என்ன மாலை?

'ரூதா' என்ற செடியில் கட்டிய மாலை. நம்மூரில் அருவதா, சதாப்பு இலை என்றெல்லாம் சொல்லி வைத்தியத்துக்கு வைத்திருக்கும் அதே செடிதான். லித்துவேனியாவில் கன்னிப் பெண்கள் வீட்டருகே இதற்கென்று சிறு தோட்டம் வைத்துப் பராமரிப்பார்கள். தலையில் ரூதா மாலை என்றால் இன்னும் கல்யாணமாகவில்லை என்று பொருள். கல்யாணச் சடங்கில் அதை எடுத்துவிட்டுத் தலையில் துணி கட்டுவார்கள். அதனால்தான் மாலை நனைந்தது, வாடியது, ஆற்றோடு போனது என்று பாட்டில் வந்தால் அந்த ஊர்க்காரர் காதைத் தீட்டிக்கொள்வார்.

சுதார்தினேஸ் என்றால் என்ன? ஏன் இவ்வளவு பேர் அதைக் குறிப்பிடுகிறார்கள்?

வடகிழக்கு லித்துவேனியாவில், பெரும்பாலும் பெண்கள் மட்டுமே பாடிவந்த பல்குரல் பாடல்கள். 2010இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்க்கப்பட்டன. இன்றைய லித்துவேனிய இசையைப் புரிந்துகொள்ள இவை அவசியம்.

நம் காதுக்குப் புரிகிற மாதிரி சொன்னால், ஒருத்தி 'ச'வில் நிற்கும்போது இன்னொருத்தி பக்கத்திலிருக்கும் 'ரி'யில் நிற்பாள். இரண்டு ஸ்வரங்களும் ஒன்றையொன்று உரசிக்கொண்டே போகும். அபஸ்வரம் என்று நாம் முகம் சுளிக்கக்கூடிய அந்த உரசல்தான் அவர்களுக்கு இனிமை. மூன்று பேர் பாடும் வகையில் ஒருத்தி ஆரம்பித்த சிறிது நேரத்தில் அடுத்தவள் சேர்ந்துகொள்வாள். எந்த நேரத்திலும் இரண்டு குரல்கள் ஒலிக்கும். ஒன்று பொருளுள்ள வரியைச் சொல்லும், மற்றது 'லீலியோ', 'சோதவுதோ' என்பது போன்ற, பொருள் தெளிவில்லாத பல்லவிச் சொற்களைச் சொல்லும். அறுவடை, கல்யாணம் என்று வேலைகளோடும் சடங்குகளோடும் ஒட்டிப் பிறந்தவை இவை.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே வழக்கொழியத் தொடங்கிய இவற்றை, எழுதிவைத்த தொகுப்புகளைக் கொண்டு பின்னர் மீட்டார்கள். ஜெனோனாஸ் ஸ்லாவியூனாஸ் மூன்று தொகுதிகளாகப் பதிப்பித்தது 1958, 1959 ஆண்டுகளில். இசை ஆய்வாளர் தைவா ராச்சியுனைத்தே-வீச்சினியெனே தொடங்கிய 'த்ரீஸ் கெதுரியோசே' குழு இன்றைக்கும் பாடுகிறது.

இதில் என்னைக் கவர்வது, எந்தப் பெண்ணும் தனியாகத் தன் கதையைச் சொல்வதில்லை என்பது. மேலே கேட்பது ஒருத்தியின் வரியா இன்னொருத்தியின் வரியா என்று பிரிக்க முடியாது. ஆனால் யாரும் அடுத்தவளுக்குள் கரைந்தும் போவதில்லை, அந்த உரசல் கரைய விடாது. இதைக் கேட்ட காதோடு இன்றைய பெண் இசையமைப்பாளர்களிடம் போனால் பாதி ரகசியம் புரிந்துவிடும்.

பெயர்கள் எல்லாம் ஏன் 'தே' என்று முடிகின்றன?

லித்துவேனியப் பெண்களின் குடும்பப் பெயர் அவர்களுக்குக் கல்யாணமாகிவிட்டதா இல்லையா என்பதைச் சொல்லிவிடும். ஐத்தே, ஈதே, உதே என்று முடிந்தால் தகப்பன் வழிப் பெயர். இயெனே என்று முடிந்தால் கணவன் வழிப் பெயர். ஓவியரும் இசையமைப்பாளருமான ச்சியுர்லியோனிஸின் மனைவி, எழுத்தாளர் சோஃபியா கிமந்தைத்தே-ச்சியுர்லியோனியெனே இரண்டையும் சேர்த்தே வைத்திருந்தார். எதையும் காட்டிக்கொடுக்காத வெறும் 'ஏ' விகுதியை வைத்துக்கொள்ள 2003இல் வழி பிறந்தது. கலைஞர்கள் பலர் பிறந்த வீட்டுப் பெயரிலேயே இருக்கிறார்கள்.

லித்துவேனியப் பாடல்களில் அம்மா ஏன் இவ்வளவு அதிகம் வருகிறாள்?

ஒரு காரணம் அரசியல். ரஷ்யப் பேரரசு 1864 முதல் 1904 வரை லத்தீன் எழுத்தில் லித்துவேனிய மொழி நூல்கள் அச்சிடுவதைத் தடை செய்திருந்தது. புத்தகங்கள் எல்லை தாண்டிக் கள்ளத்தனமாக வந்தன. பிள்ளைகளுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுத்தது வீட்டில் அம்மாக்கள். பேத்ராஸ் ரிம்ஷா 1906இல் செய்த 'துயரப் பள்ளி' என்ற சிற்பத்தில், இராட்டையில் நூல் நூற்றுக்கொண்டே ஒரு தாய் பக்கத்தில் நிற்கும் குழந்தைக்குப் படிக்கச் சொல்லிக்கொடுக்கிறாள்.

அழகான சிற்பம், மறுப்பதற்கில்லை. ஆனால் அதற்குப் பிறகு அந்த அம்மாவால் எழுந்திருக்கவே முடியவில்லை. தேசத்தின் தாய், மொழியின் தாய், சைபீரியாவுக்கு நாடுகடத்தப்பட்ட பிள்ளைகளுக்காகக் காத்திருக்கும் தாய் என்று பாட்டுக்குப் பாட்டு அதே இராட்டைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தாள். அவளுக்கு இடுப்பு வலித்ததா, அலுப்பாக இருந்ததா, யாரையாவது நினைத்துக்கொண்டாளா என்று கேட்டவர்கள் குறைவு. சமகாலப் பெண்கள் செய்த முக்கியமான காரியம் அவளை அங்கிருந்து எழுப்பியது என்று நான் நினைக்கிறேன்.

கவிஞர் சலோமேயா நேரிஸ் ஸ்டாலினைப் புகழ்ந்து பாடியவர்தானே? அவரை ஏன் இன்னும் பாடுகிறார்கள்?

பாடியவர்தான். 1940இல் லித்துவேனியாவைச் சோவியத் ஒன்றியத்தில் சேர்த்துக்கொள்ளக் கேட்டு மாஸ்கோவுக்குப் போன குழுவில் அவரும் இருந்தார். ஸ்டாலின் மீது நெடுங்கவிதையும் எழுதினார். அவர் பெயரைத் தாங்கிய தெருக்களும் பள்ளிகளும் அப்படியே இருக்கலாமா என்று அங்கே இன்னும் வாக்குவாதம் நடக்கிறது. அது நியாயமான வாக்குவாதம்தான்.

ஆனால் 1927இல் வந்த 'அதிகாலையில்' தொகுப்பிலிருந்து 1938இல் வந்த 'தியெமெதிஸாகப் பூப்பேன்' வரை அவர் எழுதிய தன்னுணர்ச்சிப் பாக்களைத் தவிர்த்துவிட்டு லித்துவேனியப் பாடல் வரலாறு எழுத முடியாது. கடைசியில் சொன்ன தொகுப்பின் தலைப்புக் கவிதையில் ஒரு பெண் வசந்த காலத்தைக் காதலனைப் போலக் கூப்பிட்டுப் பேசுகிறாள். நீ மறுபடி குதிரையேறி வருவாய், அப்போது நான் இருக்கமாட்டேன், மண்ணிலிருந்து செடியாகப் பூத்திருப்பேன் என்கிறாள். தியெமெதிஸ் என்பது நம் மரிக்கொழுந்தின் இனத்தைச் சேர்ந்த வாசனைச் செடி. சாவைப் பற்றிய கவிதை என்றாலும் குரலில் ஒரு குறும்பு இருக்கிறது. பிடிபடாமல் நழுவிவிட்டேன் பார் என்கிற தொனி. அந்தத் தொனிக்கு மெட்டுப் போடத்தான் இசையமைப்பாளர்கள் ஆசைப்படுகிறார்கள்.

போர்க்காலத்தை ரஷ்யாவில் கழித்து, ஊர் திரும்பி, 1945 ஜூலையில் மாஸ்கோ மருத்துவமனையில் 40 வயதில் இறந்தார். 'பெரிய சாலையோரம்' என்று அவர் பெயரிட்டிருந்த கடைசிக் கையெழுத்துப் பிரதியைப் பதிப்பாளர்கள் தலைப்பை மாற்றி, வரிகளைத் திருத்தி வெளியிட்டார்கள். புகழ்ந்து பாடியவருக்கும் அவ்வளவுதான் சுதந்திரம்.

சோவியத் காலத்தில் பெண்கள் தங்கள் மனதைப் பற்றி எழுத முடிந்ததா?

சுற்றி வளைத்து முடிந்தது. மூன்று கவிஞர்களைச் சொல்லலாம்.

யானினா தெகுதீதே (1928–1990) இயற்கையைப் பற்றி எழுதுகிறவர் என்று பாடப்புத்தகங்கள் சொல்லும். குடிப்பழக்கத்தில் சிக்கிய தாயை வருஷக்கணக்கில் தனியாகப் பார்த்துக்கொண்ட கதை, அவர் இறந்த பிறகு வெளியான கடிதங்களில்தான் முழுதாகத் தெரிந்தது. அதைப் படித்துவிட்டு அந்த மரங்களையும் பனியையும் மறுபடி பார்த்தால், அவர் இயற்கையிடம் ஏன் அப்படி ஒட்டிக்கொண்டார் என்பது புரிகிறது.

யுதிதா வைச்சூனைத்தே (1937–2001) தலைநகர் வில்னியுஸின் கவிஞர். பழைய முற்றங்கள், படிக்கட்டுகள், மழை பெய்த தெருக்கள். 1960களில் அவர் எழுதிய 'நான்கு சித்திரங்கள்' என்ற கவிதைத் தொடரில் ஒடிஸியஸ் கதையின் நான்கு பெண்கள் வருகிறார்கள்: கிர்கே, கலிப்ஸோ, நவ்ஸிகா, பெனலோப்பி. ஹோமரில் இவர்கள் நாயகனின் பயணத்தில் வந்துபோகும் நிறுத்தங்கள். இங்கே கப்பல் போன பிறகு கரையில் நிற்பவர்களின் பக்கம் கதை திரும்புகிறது. கிரேக்கப் புராணம் என்பதால் தணிக்கைக்காரருக்குப் பயமில்லை, வாசகிக்கோ யாரைப் பற்றிய பேச்சு என்பது தெளிவு.

நியோலே மிலியவுஸ்கைத்தே (1950–2002) விடுதிப் பள்ளியில் வளர்ந்தவர். அவர் கவிதையில் தையல், பாத்திரம், பழைய துணி போன்ற அன்றாடச் சாமான்கள் மட்டுமே இருக்கும். உச்ச ஸ்தாயிக்கு வழியே கிடையாது. 'நுழையத் தடை செய்யப்பட்ட அறை' என்று அவருடைய ஒரு தொகுப்புக்குப் பெயர். இந்தப் பக்கத்தில் நான் பேசிக்கொண்டிருப்பதற்கும் அந்தப் பெயர் பொருந்தும்.

பாம்பைக் கல்யாணம் செய்துகொண்ட பெண் கதை அடிக்கடி வருகிறதே, அது என்ன?

எக்லே, பாம்புகளின் ராணி. லித்துவேனியக் குழந்தைக்கும் தெரிந்த கதை. எக்லே கடலுக்கடியில் பாம்பரசன் ஜில்வினாஸோடு வாழ்கிறாள். பிள்ளைகளோடு பிறந்த வீட்டுக்கு வந்தபோது, அவள் அண்ணன்மார் கடைசி மகளை மிரட்டி அப்பாவின் பெயரைக் கேட்டறிந்து, கரைக்கு அழைத்து, அரிவாளால் வெட்டிக் கொல்கிறார்கள். கரையில் நின்று எக்லே கூப்பிடுகிறாள். உயிரோடிருந்தால் பால் நுரையாக வா, இல்லையென்றால் இரத்த நுரையாக வா. இரத்த நுரை வருகிறது. அவள் பிள்ளைகளை ஓக், ஆஷ், பிர்ச் மரங்களாக மாற்றுகிறாள். பயந்து பெயரைச் சொன்ன மகளை நடுங்கும் ஆஸ்பன் மரமாக்குகிறாள். தானும் ஸ்ப்ரூஸ் மரமாகிவிடுகிறாள்.

இசையமைப்பாளர் எதுவார்தாஸ் பால்சீஸ் 1960இல் இதைப் பாலே ஆக்கினார். நேரிஸ் கவிதையாக எழுதினார். பிறந்த வீடா, தான் தேர்ந்த வாழ்வா என்பது மட்டும் இதில் கேள்வி இல்லை. மகளை அப்படித் தண்டித்த தாயின் மனதில் என்ன இருந்தது என்பதும் கேள்விதான். கதை அதற்குப் பதில் சொல்வதில்லை. பாட்டுக்கு இடம் கிடைப்பது அங்கேதான்.

இன்று கேட்க வேண்டிய பெண் இசையமைப்பாளர்கள் யார்?

மூத்தவர் ஒனுதே நார்புதைத்தே, 1956இல் வில்னியுஸில் பிறந்தவர். குரலை உயர்த்தாமல் பேசும் இசை. அன்னை மரியாளை மையமாக வைத்து கோரஸுக்கும் ஆர்கெஸ்ட்ராவுக்கும் அவர் எழுதிய மூன்று சிம்ஃபொனிகளில் (2002–2003) மாதா பீடத்திலிருந்து இறங்கி வருவதை உணரலாம்.

ராமிந்தா ஷெர்க்ஷ்னீதே 1975இல் கவுனாஸில் பிறந்தவர். இவருடைய 'அந்தி, விடியல் பாடல்கள்' (2007) தாகூரின் சொற்களுக்கு அமைத்த இசை. பகலும் மாலையும் கடந்து, இரவுக்குள் போய், காலையில் வெளியே வரும் நீண்ட படைப்பு. டாய்ச்ச கிராமஃபோன் என்ற ஜெர்மன் இசைப்பதிவு நிறுவனம் 2019இல் இவர் இசைக்கென்றே தனி ஆல்பம் வெளியிட்டது. தாகூர் லித்துவேனியர்களுக்குப் புதியவர் இல்லை. இசையமைப்பாளர் ப்ரோனியுஸ் குதாவிச்சியுஸ் 1978லேயே தாகூரை எடுத்து 'வனநிழலில் இரு பறவைகள்' என்ற படைப்பை எழுதினார்.

எகிதியா மெதெக்ஷைத்தே துணி நெசவின் கோலங்களை இசைக்கான வரைபடமாக மாற்றுகிறவர். இந்திய ராகங்களிலும் ஈடுபாடு உண்டு, மேக மல்ஹார் என்று ஒரு படைப்புக்குப் பெயரே வைத்திருக்கிறார். பாட்டியின் தறியைச் சிற்பமாக்காமல் இசைக் கணக்காக ஆக்கியது நல்ல யோசனை.

அப்புறம் நியூயார்க்கில் வசிக்கும் ஜிபுவோக்லே மார்த்தினைத்தீதே. இவருடைய 'அலேத்தேயா' (2022) கோரஸுக்கான படைப்பு, ஆனால் ஒரு சொல்கூடக் கிடையாது. மூச்சும் உயிரெழுத்துகளும் மட்டும். சொல் இல்லாமல் மனதைப் பேசுவது தப்பித்தல் அல்லவா என்று சிலர் கேட்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. லித்துவேனியாவில் இழவு வீட்டிலும் கல்யாண வீட்டிலும் பெண்கள் புலம்பிப் பாடும் ஒப்பாரி மரபு உண்டு. அதில் ஒரு கட்டத்துக்கு மேல் சொல் உடைந்து வெறும் குரல்தான் மிஞ்சும். இவர் அந்த இடத்திலிருந்து தொடங்குகிறார்.

சூப்பர் மார்க்கெட்டில் நடக்கும் ஓபரா என்று ஒன்று உண்டாமே?

'நல்ல நாளாகட்டும்!' எழுதியவர் வைவா கிரைனீதே, இசை லினா லாபெலீதே, இயக்கம் ருகிலே பார்ஜ்ஜூகைத்தே. மூவரும் பெண்கள். முழு வடிவில் மேடையேறியது 2013இல். பத்துப் பாடகிகள், சூப்பர் மார்க்கெட் சத்தங்கள், ஒரு பியானோ. அவ்வளவுதான் ஏற்பாடு.

பத்துப் பேரும் கேஷியர்கள். சீருடையில், வெள்ளை டியூப்லைட் வெளிச்சத்தில், வரிசையாக உட்கார்ந்திருக்கிறார்கள். வணக்கம், நன்றி, நல்ல நாளாகட்டும் என்று இயந்திரம் போலச் சொல்கிறார்கள். பார்கோடு ஸ்கேனரின் 'பீப்' சத்தம்தான் தாளம். அந்த 'பீப்'களுக்கு நடுவே ஒவ்வொருத்தியின் தலைக்குள் ஓடுவது பாட்டாக வெளியே வருகிறது. வீடு, பிள்ளை, சம்பளம், தனிமை. வாடிக்கையாளர் முன் நகர்ந்ததும் மறுபடி அதே புன்னகை.

நடிப்பு என்று பெரிதாக எதுவும் இல்லை. கை அசைவுகூடக் கம்மி. அதனால்தான் வேலை செய்கிறது. இந்த வேலைக்கு முகத்தில் எதுவும் தெரியக்கூடாது, ஓபராவுக்கோ எல்லாம் தெரிய வேண்டும். இரண்டுக்கும் நடுவே பாடகிகள் அசையாமல் உட்கார்ந்திருக்கிறார்கள். முதலாளித்துவம் ஒழிக என்ற கோஷமும் கிடையாது. பொருள் வாங்குவதில் இருக்கும் சின்ன சந்தோஷத்தையும் அது ஒப்புக்கொள்கிறது. தனித்தனிப் புலம்பல்கள் போகப்போக ஒன்றின் மேல் ஒன்று ஏறி ஒரே கோரஸாகின்றன. சுதார்தினேஸ் பாடிய கிழவிகள் இதைக் கேட்டிருந்தால் உடனே அடையாளம் கண்டிருப்பார்கள்.

இதே மூவர் செய்த 'சூரியனும் கடலும்' 2019இல் வெனிஸ் பியனாலே என்ற கலைக் கண்காட்சியில் தங்கச் சிங்கம் விருது வாங்கியது. உள்ளரங்கில் மணல் கொட்டி, கடற்கரை அமைத்து, நீச்சலுடையில் படுத்துக்கொண்டே பாடுவார்கள். பார்வையாளர்கள் மேலே நின்று குனிந்து பார்க்க வேண்டும். பருவநிலை மாற்றம் பற்றியது என்று சொல்லப்பட்டாலும், அதில் வரும் பணக்கார அம்மாவின் பாட்டைக் கேளுங்கள். எட்டரை வயது மகன் எந்தெந்தக் கடல்களில் நீந்திவிட்டான் என்று பட்டியல் போடுகிறாள். கதேயின் நாடகத்தில் மணப்பெண் பாடியதும் ஒரு பட்டியல்தான். ஆனால் உலகம் எவ்வளவு மாறிவிட்டது!

எல்லாம் ஒரே சோகமாக இருக்குமா? பெண்ணியப் பாடல்கள் என்று சொல்லலாமா?

சோகம் இருக்கிறது, கிண்டலும் அதே அளவுக்கு இருக்கிறது. பெண்ணியம் என்ற அட்டையை ஒட்டுவதில் எனக்கு ஆட்சேபமில்லை. ஆனால் உரிமைக் குரல் எழுப்பும் பாட்டை எதிர்பார்த்துப் போனால் ஏமாற்றம்தான் மிஞ்சும். இவர்கள் முறையிடுவதைவிடக் கவனிப்பதையே அதிகம் செய்கிறார்கள்.

ஆண்கள் இசையமைத்தால் கணக்கில் வராதா?

வரும். பெண் கவிஞரின் சொல்லுக்கு ஆண் மெட்டமைத்து, பெண் பாடுவதுதான் வெகுகாலம் வழக்கமாக இருந்தது. அப்படிப்பட்ட பாட்டில் பாடுகிறவரின் பங்கு நாம் நினைப்பதைவிட அதிகம். பார்வையற்ற பாடகி பெயாத்ரிசே கிரின்ட்செவிச்சூதே (1911–1988) ஓபரா மேடையில் நாயகியாக நின்றவர் இல்லை, பாடல்களாலேயே புகழ் பெற்றவர். அவர் குரலில் ஆர்ப்பாட்டம் எதுவும் இருக்காது. பக்கத்து அறையில் யாரோ பாடுவது மாதிரி இருக்கும். அடுத்த தலைமுறையில் கியெத்ரே கவுகைத்தே புதிய இசையைத் துணிந்து பாடினார். இன்று உலக மேடைகளில் பெரிய பெயரான அஸ்மிக் கிரிகோரியான், சொப்ரானோ (உச்சக் குரல்) பாடகி இரேனா மில்கெவிச்சூதேயின் மகள். 2022இல் வந்த அவருடைய பாடல் ஆல்பம் ரஷ்ய இசையமைப்பாளர் ராக்மனினோவின் பாடல்கள். பிரமாதமான பதிவு, ஆனால் இந்தத் தலைப்புக்கு வெளியே நிற்கிறது.

மொழி தெரியாமல் எங்கிருந்து தொடங்குவது?

முதலில் 'த்ரீஸ் கெதுரியோசே' குழுவின் சுதார்தினேஸ் இரண்டு மூன்று. பாட்டு முடிந்ததும் உடனே மறுபடி போடுங்கள். இரண்டாவது முறை அந்த உரசல் உறுத்தாது. அடுத்து ஷோபானின் பாட்டு, கையில் மொழிபெயர்ப்போடு. தாய் கேட்கும் இடத்திலும் மகள் பதில் சொல்லும் இடத்திலும் பாடகி குரலை எப்படி மாற்றுகிறார் என்று மட்டும் கவனித்தால் போதும். அப்புறம் சொல்லே இல்லாத 'அலேத்தேயா'. மொழி தெரியாத கவலை அங்கே யாருக்கும் கிடையாது. ஹெட்ஃபோனில் கேட்பது நல்லது.

கேஷியர் ஓபராவைக் கேட்பதைவிடப் பார்ப்பதுதான் முறை. துணைத்தலைப்போடு காணொளி கிடைத்தால் முழுதாக உட்கார்ந்து பாருங்கள். லித்துவேனிய இசைத் தகவல் மையத்தின் இணையதளத்தில் இசையமைப்பாளர் வாரியாகக் குறிப்புகளும் கேட்டுப் பார்க்கப் பதிவுகளும் இருக்கின்றன. அங்கே தேடும்போது பெயர்களை லித்துவேனிய எழுத்துக்குறிகளோடு பிரதி எடுத்துப் போட்டால் சீக்கிரம் கிடைக்கும்.